ஊசிக்காரம்மாவின் பத்துப் பொத்தான்கள்

எனக்கு அறுபத்தொன்பது வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் கொழுந்தனார் விட்டுவிட்டுப் போனவை. ஐந்தையும் படிக்க வைத்தேன். எனக்கு என் பெயரை எழுதத் தெரியும், பஸ்ஸில் போட்டிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டத் தெரியும், அவ்வளவுதான். அதனால் இதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் மடியில் ஒரு பழைய தைல டப்பா இருக்கிறது. அதற்குள் பத்துப் பொத்தான்கள். ஒன்பது வெள்ளை, ஒன்று நீலம். டப்பாவை மெல்ல ஆட்டினால் எங்கோ தூரத்தில் மழை பிடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஊசிக்காரம்மாவும் வந்துவிடுவார்.

நான் முதலில் பார்த்தபோது அவர் ஊசிக்காரம்மா இல்லை. கொமரலிங்கத்துச் சர்ச்சில் தாவணி போட்டுக்கொண்டு எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண். எனக்குப் பதினாறு, அவருக்குப் பதினெட்டு. அன்றைக்கு அறுப்புப் பண்டிகை. கரும்பும் வாழைத்தாரும் பூசணியும் முன்னால் குவிந்து கிடந்தன. ஆற்றங்கரையிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகர், வடக்கே ஆண்டவரைப் பற்றிச் சொல்ல ஆளே இல்லாத ஊர்களைப் பற்றிப் பேசினார். உலகம் முழுக்கப் போய்ச் சொல்லுங்கள் என்று ஆண்டவர் நம்மிடம்தானே சொல்லிவிட்டுப் போனார், யார் போகிறீர்கள் என்று கேட்டார். ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் இருந்த அந்தப் பெண் மட்டும் எழுந்து நின்றார். ஜன்னல் வெயில் அவர் தோளில் விழுந்திருந்தது. நின்ற இடத்திலேயே பாதி தூரம் போய்விட்டவர் மாதிரி இருந்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் அவர் போகவில்லை. அந்த வருஷமே அவருடைய அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அப்பா ஏற்கெனவே இல்லை. பதினெட்டு வருஷம் அம்மாவைத் தூக்கி, துடைத்து, ஊட்டினார். கல்யாணமும் நடக்கவில்லை. அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு நிமிர்ந்தபோது வயது முப்பத்தாறு. இனி யார் வடக்கே அனுப்புவார்கள்? திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தார். நான் அதற்குள் அவிநாசிபாளையத்தில் வாக்கப்பட்டு, அதே கம்பெனி வேனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை பிசிர் வெட்டுவது. தைத்து வந்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கிவிட வேண்டும். அவரிடம் ஊசிப் பெட்டியைக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுக்குப் போகிற துணி என்பதால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் கிடைக்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, முழு ஊசி ஆனால்தான் நோட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, புது ஊசி தருவார்.

ஒருநாள் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு அவர் வெகுநேரம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க எந்திரிச்சு நின்னது ஊருக்கே தெரியுமுங்க்கா. ரயிலுதான் இன்னும் வரலையாட்ட இருக்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு டிபன் பாக்ஸை மூடினார். சோறு தொடாமல் அப்படியே இருந்தது. இந்த வார்த்தையைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றுதான் இதை ஆரம்பித்தேன். சொல்லியாகிவிட்டது.

பிறகு வடக்கே இருந்து ஆட்கள் எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள். ஒடிசாப் பொண்ணு ஒருத்தி, பத்தொன்பது வயசு இருக்கும், தமிழ் ஒரு சொல் தெரியாது. வந்த மாதமே அவள் மெஷினில் ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. நுனியைக் காணோம். அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். வரிசை முழுக்க மெஷினை நிறுத்தினார்கள். சத்தம் அடங்கினதும் பஞ்சுத் தூசி ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்குவது தெரிந்தது. எல்லாரும் குனிந்து தேடினோம். அரை மணி, ஒரு மணி. அந்தப் பொண்ணு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து விசும்பிக்கொண்டே இருந்தாள்.

சூப்பர்வைசருக்குப் பொறுமை போய்விட்டது. "பழைய நுனி ஒண்ண ஒட்டி உட்ருங்கம்மா. யாரு பாக்கப் போறாங்க?"

"இல்லீங் சார். அது எந்த ஊருக் கொழந்தை கழுத்துல குத்துமோ" என்று சொல்லிவிட்டு, ஊசிக்காரம்மா அந்தப் பொண்ணுக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். காந்தம் கட்டின குச்சியைத் தரையில் இழுத்தார். மெஷின் அடியில், பலகை இடுக்கில், அவள் கூந்தலில், ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அவளுடைய துப்பட்டா ஓர லேசில் அது மினுங்கியது.

"கெடச்சிருச்சு சாமீ! எல்லாரும் வாங்க, கெடச்சிருச்சு!"

அதிர்ந்து பேசாத மனுஷி கை தட்டிக் கூப்பிட்டார். பையிலிருந்த கடலை மிட்டாயை எல்லாருக்கும் உடைத்துக் கொடுத்தார். ஒரு நுனிக்கா இத்தனை சந்தோஷம் என்று அந்தப் பொண்ணு கண்ணாலேயே கேட்டாள். ஊசிக்காரம்மா மேஜைப் பக்கம் போனார். கழித்துப் போட்ட பொத்தான்களில் பத்தை எடுத்து மேஜையில் பரப்பினார். நீலத்தை ஒளித்தார். ஒன்றைத் தொலைத்த பெண்ணாக முகத்தை வைத்துக்கொண்டார். விளக்கு ஏற்றுகிற மாதிரி, வீட்டைக் கூட்டுகிற மாதிரி, மூலை முடுக்கெல்லாம் தேடுகிற மாதிரி செய்தார். கிடைத்ததும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு அந்த நீலப் பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் நெஞ்சைத் தொட்டு, மேலே கைகாட்டி, திரும்பவும் தரையைக் கூட்டுகிற மாதிரி கையை அசைத்தார்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கையை மூடிக்கொண்டு நின்றவள், மணி அடித்த பிறகுதான் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தாள். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்தவள் தேடுகிற மாதிரி ஆண்டவர் நம்மைத் தேடுகிறார் என்கிற வேதாகமக் கதையை நான் ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவள். அன்றைக்குத்தான், கையில் கத்திரியோடு, முதல்முதலாகக் கேட்டேன்.

அதற்கப்புறம் டீ நேரத்தில் "மா, கஹானி" என்று கதை கேட்டு வந்து உட்காருவாள். ஒரு வருஷம் இருந்தாள். அக்கா கல்யாணம் என்று ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. "போறவங்க போறாங்க அம்மிணி. நாந்தான் நின்ன எடத்துலயே நிக்கறேன்" என்றார் ஊசிக்காரம்மா. ரயிலைப் பற்றி நான் சொன்ன பழைய வார்த்தை என்னையே திரும்பக் குத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் இருந்தேன். போன் வந்தது, முகம் தெரிகிற போன். மண் வாசல், ஒரு பலாமரம், தரையில் ஏழெட்டுப் பெண்கள். நடுவில் அந்த ஒடிசாப் பொண்ணு. எதிரே பத்துப் புளியங்கொட்டை. ஒன்றை ஒளித்தாள். விளக்கு ஏற்றினாள். கூட்டினாள், தேடினாள், கை தட்டினாள். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஒரு கிழவியின் நெஞ்சைத் தொட்டு மேலே கைகாட்டினாள். சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிட்டது, அவள் விரல் மேலே பார்த்தபடி.

ஊசிக்காரம்மா போனைக் கீழே வைக்கவே இல்லை. "நானு போகவே இல்லியே அம்மிணி" என்றார்.

"போயிட்டீங்க்கா. இப்பத்தான் பாத்தேன்" என்றேன். நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அவருக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர் ஆண்டவரிடம் போய் மூன்று வருஷம் ஆகிறது. போகுமுன் இந்த டப்பாவை என்னிடம் கொடுத்தார். எங்கள் லைன் வீட்டில் பக்கத்து ரூமுக்கு இப்போது பீகாரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தமிழ் வராது, எனக்கு இந்தி வராது. எந்தச் சர்ச்சிலும் நான் எழுந்து நின்றவள் இல்லை. இனி நிற்க முட்டியும் ஒத்துக்காது. ஆனால் நேற்றுச் சாயங்காலம் அவள் வாசலில் உட்கார்ந்து பத்துப் பொத்தானையும் பரப்பினேன்.

சரி கண்ணு, எழுதுனது போதும். மொதல்லருந்து வாசி. நீ வாசிக்க வாசிக்க நான் ஒவ்வொரு பொத்தானா வெக்கறேன். ஏதாச்சும் ஒண்ணு உட்டுப்போயிருந்தா சொல்றேன், தேடிச் சேத்துப்போடலாம்.