அத்தானுக்கு நான் கொடுத்த இரண்டு அங்குலம்

சூடேறிய இஸ்திரிப் பெட்டி ஈரக் கம்பளித் துணியின்மேல் அமரும்போது ஒரு வாசம் கிளம்பும். ஆட்டுரோமமும் கரியும் நீராவியும் கலந்த வாசம்... செம்பூரில் என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சலவைக் கடையிலிருந்து இன்று காலை அது ஏறி வந்தது. வந்ததும் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது.

சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பொய் அளவு சொன்னேன். என் அக்காளை மணக்க வந்த மனிதரை, இருந்ததைவிட இரண்டு அங்குலம் உயர்த்திச் சொன்னேன். அதன் பழியை என் தாத்தாவின் கெஜக்கோல் மீது போட்டேன். மரம்தானே, எதிர்த்துப் பேசவா போகிறது?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பாதி நாள் நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மீதிப் பாதி நாளுக்காகத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் தையற்கடை. ஒரு பக்கம் அறுபதடி ரோடு, மறுபக்கம் தொண்ணூறடி ரோடு. அளவையே பெயராகக் கொண்ட தெருக்களுக்கு நடுவே பிழைத்தவர்கள் நாங்கள். "எவம்ல அளந்தான் இத? கூப்பிடு அவன" என்று அப்பா வம்புக்கு நிற்பார். கைவண்டியும் மனிதரும் தோல்மூட்டையும் போக, அந்தத் தெருவில் தொண்ணூறு அடியை யாரும் ஒருசேரப் பார்த்ததில்லை.

அப்பாவிடம் இருந்த அளவைச் சாமான்கள் எல்லாம் தாத்தாவுடையவை. கொழும்பில் ஒரு துணிக்கடையில் தைத்துச் சம்பாதித்தபோது அவர் ஒவ்வொன்றாக வாங்கியவை. இப்போது என்னிடம் இருக்கின்றன. என் மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மடக்கினால் உள்ளங்கைக்குள் உறங்கிவிடும் பித்தளை அளவுகோல். அதன் கீல் இன்றைக்கும் பூனை நடப்பதுபோல் ஓசையின்றித் திறக்கிறது. இடுப்பு வளைவு வரைய ஒரு மரவில்; எத்தனை ஆயிரம் இடுப்புகளைத் தடவியதோ, அதன் ஓரம் கன்னம்போல் வழுவழுப்பு. மூலை பிசகாத ஒரு மூலைமட்டம். இவற்றைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வெறி வரும், எதையாவது அளக்கவேண்டும் என்று. ஜன்னலை, ரொட்டியை, தூங்குகிறவரின் மூக்கை... இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு பொருள் சிக்கி நிற்கும் அந்தக் கணத்தில் உலகம் எவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறது!

எல்லாவற்றுக்கும் ராஜா அந்தக் கெஜக்கோல். மூன்றடிக் கருங்காலி மரம், இரு முனையிலும் பித்தளைப் பூண். ஆனால் அதில் முதல் அங்குலம் இல்லை. கப்பலில் திரும்பும்போது ஏதோ ஒரு கதவிடுக்கில் நசுங்கி முனை பிளந்துவிட்டதாம். தாத்தா கலங்கவில்லை. ஒன்று என்ற கோட்டில் நேராக அறுத்து, பூணைத் திரும்ப மாட்டிவிட்டார். ஆகவே எங்கள் கோல் ஒன்றிலிருந்து தொடங்கும். அளக்கும்போது ஒன்று கழி, துணியில் குறிக்கும்போது ஒன்று கூட்டு. நாங்கள் நடக்கப் பழகியபோதே பழகிய கணக்கு இது. வெளியாள் யாரையும் அப்பா அந்தக் கோலைத் தொட விடமாட்டார்.

கழிப்பது அளக்கிறவன் பொறுப்பு. அவன் கழித்துத்தான் சொல்லவேண்டும். எழுதுகிறவன் குனிந்த தலை நிமிராமல் எழுதவேண்டும். திரும்பக் கேட்டால் அளந்தவனுக்கு அவமானம். எங்கள் கடையில் அளப்பவன் நான், எழுதுபவர் அப்பா.

இனி அக்காளைப் பற்றி. எஸ்தர். ஐந்தடி ஏழங்குலம். அம்மாவின் உயரம் அது. அப்பாவோ அம்மாவின் காதளவுதான் இருப்பார். கல்யாணப் போட்டோவில் அவர் நிற்பது ஆர்மோனியப் பெட்டியின் மேல். கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர், "தையக்காரரே, அம்மாளக் கொஞ்சம் மடிச்சுத் தச்சிரக் கூடாதா?" என்று கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. அப்பாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு வீடு வரைக்கும் பேசாமல் வருவார்.

அதனால் ஒரு வைராக்கியம் வைத்திருந்தார். எஸ்தருக்கு வருகிறவன் எஸ்தரைவிடக் குட்டையாக இருக்கக்கூடாது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளைக்குக் கோட்டு தைத்துக் கொடுப்பது பெண்வீட்டார் வழக்கம். அந்தக் கோட்டுக்கு அளவெடுக்கும் நாள்தான் உண்மையான நிச்சயம். இரண்டு பேரை அந்தக் கோலே திருப்பி அனுப்பிவிட்டது. ஒருவன் சாக்ஸுக்குள் அட்டை வைத்து வந்திருந்தான்.

அக்காளுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் திலக் நகரிலிருந்து சாமுவேல் வந்தார். கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சியில் பார்த்துக்கொண்டார்களாம். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். உருண்டையான ஆள். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

"அந்த ஆளு கீழ் ஸ்தாயில பாடினா எனக்கு இங்கன அதிருது தம்பி" என்று அக்காள் நெஞ்செலும்பைத் தொட்டுக் காட்டினாள்.

"ஆளு ஒன்னைவிடக் குட்டையில்லா?"

"தெரியாமலா? சயான் ஸ்டேஷன்ல பக்கத்துல நின்னு பாத்துட்டேன். அவிய தலையில சுழி எங்கிட்டு இருக்குன்னுகூடத் தெரியும்." சிரித்தாள். பிறகு, "அப்பா கோல எடுத்துருவாவ. இதுவும் போச்சுன்னா இனிமே எனக்காவ யாரையும் அளக்க வேண்டாம்னு சொல்லிரு" என்றாள்.

பொய் சொல் என்று அவள் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் முழுக்க என்னுடையது.

அளவு நாள். சாமுவேல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சுவராக நின்றார். மார்புக்கும் தோளுக்கும் இஞ்சு டேப். உயரத்துக்கு மட்டும் கோல். "டேப்பு துணில்லா, இழுத்தா இழுபடும்" என்பது அப்பாவின் வாதம். தரையிலிருந்து கோலை நிறுத்தினேன். முனை தொட்ட இடத்தில் சாக்கட்டியால் கோடு. கோட்டின்மேல் மறுபடி கோல். இரண்டு முறை நிறுத்தினால் இரண்டு கழிக்கவேண்டும். கழித்தேன், மனத்துக்குள். ஐந்தடி ஐந்தரை.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரையின் மறுபக்கம் அக்காள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றுவிட்டது.

"அஞ்சடி ஏழரை" என்றேன்.

எப்படி வந்தது அந்தக் குரல்? அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பழக்கமாக! கழிக்காமல் விட்டால் வருகிற எண் அது. முழுப்பொய்கூட இல்லை, பாருங்கள்... கோல் காட்டியதைத்தான் சொன்னேன். இப்படித்தான் அன்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

அக்காளின் மேல் உள்ள பாசமா? ஆம். அது மட்டுமா? எங்கள் வீடு ஒரே அறை. மேலே ஒரு மாலா, பரண் மாதிரி. அதில் அக்காள் படுப்பாள். அவள் கல்யாணமாகிப் போனால் அந்த மாலா எனக்கு. அங்கே ஏறிக் குப்புறப் படுத்துக் கவிதை எழுதலாம்... அந்த நொடியில் அதுவும் என் தலைக்குள் ஓடியது. சொல்லாமல் விட்டால் இது ஒப்புதல் ஆகாது.

அப்பா எழுதினார். பிறகு, எந்த நாளும் செய்யாததைச் செய்தார். நிமிர்ந்தார்.

"பாத்தாத் தெரியலையே."

"சதப்பிடிப்பு இருக்குல்லாப்பா. அதான் அமுங்கித் தெரியுது."

தன் உயரம் தெரிந்த சாமுவேல் நேர்மையாக வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். வாய் மூடிக்கொண்டது. சந்துமுனை வரை வழியனுப்பப் போனபோது கேட்டார்: "மச்சினரே, எனக்கே தெரியாம வளந்துட்டேனே. கம்பெனில சொல்லி யூனிபார்ம மாத்தணுமோ?"

உயரத்தில் பாதியை வைத்துத்தான் அப்பா கோட்டின் நீளத்தை வகுப்பார். போட்டுப் பார்க்கும் நாளில் கோட்டு ஒரு அங்குலம் தொங்கியது. "நிமிந்து நில்லுங்க மாப்பிள்ளை... இன்னும் கொஞ்சம்... கூச்சப்படாதீய" என்று அப்பா சொல்லச் சொல்ல, அத்தான் மூச்சை இழுத்து, நெஞ்சை உயர்த்தி, கடைசியில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் துணி அலமாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. கோயில் வாசலில் போட்டோ எடுக்க நிறுத்தியபோதுதான்... போட்டோக்காரன் கேமராவிலிருந்து தலையை எடுத்துத் தன் ஆளிடம் கத்தினான்: "அரே, துல்ஹே கோ ஸ்டூல் தே!"

மாப்பிள்ளைக்கு ஸ்டூல்! கூட்டம் சிரித்தது. அத்தானும் சிரித்தார், ஸ்டூல்மேல் ஏறி நாலு பக்கமும் கும்பிடு போட்டார். அக்காள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவ்வளவு மகிழ்ச்சியான போட்டோ எங்கள் குடும்பத்தில் வேறு இல்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வாழ்நாளெல்லாம் கேட்ட சிரிப்பல்லவா அது.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் கோலை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏலே. ஒண்ணு கழிச்சியா?"

"கழிச்சேன்பா."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

இதுதான். இந்த இடம்தான். முதல் பொய் அக்காளுக்காக. இது யாருக்காக? கல்யாணம் முடிந்துவிட்டது, யாரும் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. உண்மையைச் சொன்னால் நாலு வசவு, ஒரு அறை. அவ்வளவுதான். ஆனால் அளந்தவன் வார்த்தையைத் திரும்பக் கேட்க நேர்ந்ததற்கு அப்பா பட்ட கூச்சத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்தபின் வாய் வரவில்லை.

"அப்பம் கோலுதான் கெட்டுப் போச்சு" என்றார் அப்பா. "பம்பாய் மழ, கருங்காலிய எல்லாம் விடுமா?"

பக்கத்துக் கடையில் இரும்பு ஸ்கேல் இருந்தது. வைத்து ஒப்பிட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அவர் கேட்டு வாங்கவில்லை. தன் அப்பாவின் கோலை இன்னொருவன் கடை இரும்பு வந்து சோதிப்பதா என்று நினைத்தாரோ என்னவோ. பழைய வேட்டியில் சுற்றி என்னிடம் நீட்டினார். "மாலாவுல போடு."

என் மாலாவில்! நான் ஆசைப்பட்ட மாலா கிடைத்தது, தலைமாட்டில் அந்தக் கோலும் கிடைத்தது. எத்தனை கவிதைகள் அதன் பக்கத்தில் படுத்து எழுதினேன். ஒன்றிலும் அது வர மறுத்தது.

அப்பா புதிதாக ஒரு இரும்பு ஸ்கேல் வாங்கினார். அதில் எல்லா அங்குலமும் இருந்தன. ஆனால் அவர் கைக்கு அது தெரியவில்லை. துணியில் குறிக்கும்போது பழக்கத்தில் ஒன்று கூட்டிவிடும். அந்தப் பருவம் முழுக்க எங்கள் கடைச் சட்டைகளின் கைகள் எல்லாம் ஒரு அங்குலம் நீண்டன. மாஹிமிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வந்து இரண்டு கையையும் நீட்டினார். விரல்நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. "மாஸ்டர், மேரா ஹாத் கிதர் கயா?"

என் கை எங்கே போயிற்று என்கிறார்! கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும்தான். அப்பா ஊசியை எடுத்து, கைகளை மடித்துத் தைத்தார். "வயசாயிட்டுல" என்று என்னிடம் சொன்னார். வயது இல்லை அப்பா. நான்.

அத்தானிடம் அவருக்கு வருத்தம் ஏதும் இல்லை. போகப்போக இருவரும் ஒரே தட்டில் மீன் சாப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். "மாமா, கோட்டு ஒரு இஞ்சு பெருசுதான், ஆனா குளிருக்கு நல்லாருக்கு" என்று அத்தான் சொன்னால் அப்பா முதுகில் ஒரு போடு போடுவார். பொய் நல்லதைத்தான் செய்தது என்று சொல்லவருகிறீர்களா? அத்தானும் அதைத்தான் சொல்கிறார். அக்காள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தான் மூலம் விஷயம் தெரிந்த நாளிலிருந்து, "அப்பாட்ட சொல்லிரு தம்பி, அவிய கைய அவியளே சந்தேகப்படுதாவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எண்பதுகள் முடியும் நேரத்தில் அப்பா கடையை என்னிடம் விட்டுவிட்டு, அம்மா முன்பே ஊருக்குப் போய்க் கட்டத் தொடங்கியிருந்த வீட்டுக்குக் கிளம்பினார். அக்காளும் அத்தானும் அப்போது பம்பாய்க்கு வெளியே, கல்யாண் என்ற ஊரில் இருந்தார்கள். கடைசி இரண்டு நாள் அவர்களோடு இருந்துவிட்டு அங்கேயே ரயிலேறினார். அதன்பின் அவர் பம்பாய்க்கு வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஊரிலேயே கண்ணை மூடிவிட்டார்.

கல்யாண் பிளாட்பாரத்தில் சொல்லிவிடுவது என்று நான் முடிவுசெய்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே வந்தேன். எழுதுகிறவன் அல்லவா, திருத்தித் திருத்தி அழகாக்கினேன். ரயில் வந்தது. அத்தான் டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளினார். அக்காள் என் முழங்கையில் இடித்தாள்.

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை அருகே அழைத்தார்.

"சாமானெல்லாம் துடச்சு வச்சுக்க. அந்தக் கோல மட்டும் வெளிய எடுத்துராதல. எங்கப்பா பொருளு, தூரப் போட மனசு வரல... ஆனா அத நம்பாத, என்ன?"

ரயில் அசைந்தது.

"சரிப்பா" என்றேன்.