மூன்று மணிக் கரண்ட்

பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு, மோட்டார் ரூம் ஆணியில் தொங்கிய துணிப்பையைக் காணவில்லை என்பதை அப்பா பார்த்தார். மூன்று மணிக்கு மும்முனை கரண்ட் வரும். வந்ததும் யாரும் தொடாமலே மோட்டார் ஓடத் தொடங்கும்; அதற்கான பெட்டியை அந்த ஆண்டுதான் பொருத்தியிருந்தார். பை எங்கே என்பது எனக்குத் தெரியும். கரண்ட் வந்தால் தண்ணீர் எங்கெல்லாம் போகும் என்பது அப்பாவுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஆளில்லை.

திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் செவக்காடு, செம்மண் நிலம். அந்த மாசியில் கடலை ஊன்றிய மறுநாளே மயில்கள் வரிசை தப்பாமல் கிளறித் தின்னத் தொடங்கின. அப்பா பழைய கேசட் நாடாவை இழுத்துக் கட்டினார். தகரத்தைத் தட்டினார். அம்மாவின் சேலைகளை வேலியாக்கினார். மயில்கள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் சேலைக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தன. அவர் இரண்டாம் தடவையும் ஊன்றினார். அதன் பிறகுதான், பங்குனி உத்திரத்துக்குத் தவறாமல் முருகனுக்குக் காவடி எடுக்கும் அந்த மனிதர், ஒரு படி கடலையில் மருந்தைப் பிசறினார். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு பிசறினார். களையெடுக்க வந்த பெண்கள் வீட்டுக்குப் போன பிறகு வரப்போரமாகத் தூவுவதாக ஏற்பாடு.

"தொடப்புடாது பாப்பா" என்றார். என்ன, எதற்கு என்று சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன், அதுகூடவா புரியாது? தினமும் அந்த வரப்புக்கு ஒரு பெட்டை மயில், பாதி வளர்ந்த மூன்று குஞ்சுகளோடு வரும்.

தொடக்கூடாது என்றதால் தொடவில்லை. குச்சி நுனியில் பையை மாட்டி எடுத்துப்போய், எனக்குத் தெரிந்ததிலேயே ஆழமான இடத்தில் போட்டேன். கிணற்றில்.

"பையப் பாத்தியா?" என்று அப்பா கேட்டார். தெரியாது என்றேன்.

அவர் மிளகாய்ச் செடிகளுக்குள் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஓடினார். என் அத்தையும் அவர்களில் ஒருத்தி, அப்பாவின் தங்கை.

"மோட்டார் ரூம்ல இருந்த கடலைய யாரும் எடுத்தீகளா?"

"ஏண்ணே, ஒரு படி கடலைக்கு எங்களக் களவாணியாக்குறீக?" என்றாள் அத்தை. "எடுத்திருந்தா ஒங்க கண்ணு முன்னாலயே வறுத்துத் தின்னுருப்போம்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள். அப்பா தலைகளை எண்ணினார்.

"வெளாட்டு இல்லத்தா. ஒரு ஆளு கொறையுதே, யாரு போனது?"

கைப்பிள்ளைக்காரி ஒருத்தி, பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குள் போயிருந்தாள். அவள் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். அவள் மடியில் முடிந்துகொண்டு போயிருந்தால்? அப்பா சைக்கிளை நோக்கி ஓடினார். பெடலில் வைத்த கால் இரண்டு முறை வழுக்கியது.

"நாந்தேன்ப்பா. கெணத்துல போட்டேன்."

அடிப்பார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. மோட்டார் ஓடும் சத்தம்தான் கேட்டது.

எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. அவனியாபுரத்தில் குடியிருக்கிறோம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. என் மகன் தண்ணீர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போது, காரணமே இல்லாமல் "இரு" என்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் கிறுக்கு என்று அவன் சிரிக்கிறான்.

கரண்ட் வந்ததும், மோட்டார் தண்ணீர் விழும் தொட்டிக்குப் போய்க் குடிப்பது அந்தப் பெண்களின் வழக்கம். அன்று அப்பா "குடிக்காதீக, குடிக்காதீக" என்று கத்திக்கொண்டே ஓடி வருவதற்குள் அத்தை இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திவிட்டாள்.

"இப்பத் தண்ணிக்கும் கணக்கா?" என்று கேட்டுவிட்டு வாயில் ஊற்றிக் கொப்பளித்தாள்.

அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். ஓடிப்போய் ஃப்யூஸைப் பிடுங்கினார். திரும்பி வந்து எல்லோர் முன்னாலும் நின்றார். மயிலைக் கொன்றால் ஜெயில் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பல்லி விழுந்துவிட்டது, பாம்பு கிடக்கிறது என்று எதையாவது சொல்லியிருக்கலாம்.

"மயிலுக்கு வெசம் வச்சிருந்தேன். கை தவறிக் கெணத்துல விழுந்துருச்சு."

அத்தை துப்பினாள். மறுபடியும் துப்பினாள். "முழுங்கலண்ணே" என்றாள். பிறகு, "முழுங்கலன்னுதான் நெனைக்கிறேன்."

பக்கத்துக் காட்டுக்காரர் மொபெட்டில் அவளை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருத்தி பிடித்துக்கொள்ள, திருமங்கலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அப்பாவால் கூடப் போக முடியவில்லை. அது ஆடுமாடுகள் தண்ணீருக்கு வரும் நேரம். தொட்டியின் வாய்க்கால் துவாரத்தைத் துண்டும் களிமண்ணும் வைத்து அடைத்தார். தென்னங்கீற்றை மேலே பரப்பினார். வந்த ஆடுகளைக் கல்லெறிந்து விரட்டினார். ரோட்டில் மொபெட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார்.

ஐந்து மணி வாக்கில் பெட்டை மயில் குஞ்சுகளோடு வந்தது. கீற்றுகளுக்கு இடையே தெரிந்த தண்ணீரைப் பார்த்துத் தொட்டி விளிம்பில் ஏறிற்று. அப்பா செருப்பு நழுவ ஓடினார். "போ, சனியனே, போ, குடிக்காத" என்று கையை வீசிக்கொண்டு, முள்ளுக்குள்ளும் ஓடைக்குள்ளும் அவற்றை வெகுதூரம் துரத்தினார். திரும்பி வந்தபோது காலில் ரத்தம். எந்த மயிலுக்கு மருந்து பிசறினாரோ அந்த மயில் செத்துவிடக் கூடாதே என்று அவர் பதறியதை நான் விளையாட்டு போல வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது வந்தது மொபெட் அல்ல. காக்கிச் சட்டை போட்ட வனத்துறைக்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு அத்தை உள்ளதைச் சொல்லிவிட்டாள். செய்தி அவர் ஆபீசுக்குப் போய்விட்டது.

"ஒங்க தங்கச்சிக்கு ஒண்ணுமில்ல. காலையில அனுப்பிருவாக" என்றார் முதலில். அப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"கெணத்துல யாரு போட்டது?"

"நாந்தேன் சார்" என்றார் அப்பா.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, வாளி விழுந்தால் எடுக்கும் பாதாளக் கரண்டியை இறக்கித் துழாவி, பையை மேலே எடுத்தார். காடு முழுக்க நடந்து செத்த பறவை கிடக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுக்கணும். தண்ணியச் சோதிச்சுச் சொல்ற வரைக்கும் மோட்டார் ஓடக் கூடாது. ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

"எம்புட்டு நாளாகும் சார்?"

"சொல்ல முடியாதுய்யா."

அப்பா கடலைக் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ ஒரே சந்தோஷம். அத்தை பிழைத்துவிட்டாள், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, இனி எல்லாம் சரி. ஊன்றிய விதை முளைக்க அன்றைக்கு உயிர்த்தண்ணி பாய்ச்சியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. என் பெயரைச் சொல்லாமல் இருந்த ஒரு மனிதர் இரண்டாம் விதைப்பும் மண்ணுக்குள்ளேயே காய்வதைத் தினமும் வந்து பார்க்கப்போகிறார் என்பதும் தெரியாது.

வனத்துறைக்காரர் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பயப்படாத பாப்பா. மயிலு ஒண்ணும் சாகல. போயி நல்லாத் தூங்கு."