இளநீர்க்கடையில் ஒரு ஜட்ஜ்

பொள்ளாச்சி சாலையில் அம்பாசிடரை ஓரங்கட்டுகிறோம். இளநீர்க்காரர் ஒரு காயைத் தட்டிப் பார்த்து, "வழுக்கை நல்லா இருக்குதுங்க" என்று அடித்துச் சொல்லிச் சீவித் தருகிறார். என்னுடன் வந்திருக்கும் அமெரிக்கர் யாரென்று கேட்கிறார்.

"வக்கீலா இருந்து, சட்டசபைக்குப் போய், அப்புறம் ஜட்ஜானவர்" என்கிறேன்.

"ஏனுங்க, அப்ப இவரு போட்ட சட்டத்துக்கு இவரே தீர்ப்புச் சொல்லோணுமுங்களே?"

கேள்வியை மொழிபெயர்த்ததும் அமெரிக்கருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சட்டசபையில் தான் ஆதரித்து ஓட்டுப் போட்ட சட்டம் ஒன்றை, ஜட்ஜான பிறகு செல்லாது என்று தானே தள்ளினாராம்.

இளநீர்க்காரர் தலையாட்டிக்கொண்டே, அமெரிக்கர் குடித்து முடித்த காயை வாங்கிப் பிளக்கிறார். வழுக்கை துளிகூட இல்லை.

"ஜட்ஜய்யாவே மாத்திச் சொல்லியிருக்காருங்க" என்று அதை வீசிவிட்டு அடுத்த காயை எடுக்கிறார். "எனக்கென்னங்க வெக்கம்?"