நாத்தனார் முடிச்சும் சிறுமூளையும்

கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று சேலத்து மருத்துவர் கேட்டபோது என் மனைவி, "இப்பத்தாங்க, கொஞ்ச நாளா" என்றாள். நான் குறுக்கிட்டேன். நாலு வருடத்துக்கு முன்பு, எங்கள் மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய பங்குனியில்தான், ஊசியில் நூல் கோத்துத் தரும்படி இவள் முதன்முதலாக என்னிடம் கேட்டாள்.

"இதெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருப்பாருங்க. கடையில உப்பு வாங்கியாரச் சொன்னா மட்டும் மறந்துரும்" என்றாள் மருத்துவரிடம்.

கொல்லிமலையிலிருந்து நாங்கள் இறங்கி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தை மாதம் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். எங்கள் குடும்பங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போடவேண்டும். தாயில்லாத அந்தத் தம்பியை வளர்த்தவள் இவள். கை நடுங்குகிறதே, சித்தப்பா மகளைப் போடச் சொல்லலாமா என்று உறவில் பேச்சு எழுந்த அன்று இவள் சாப்பிடவில்லை.

மருத்துவர் தாளில் ஒரு சுருள் வரையச் சொன்னார். கோடு நெளிந்து நெளிந்து போனது.

"கொல்லிமலை ரோடுங்க. கொண்டை ஊசி வளைவெல்லாம் வந்துருச்சு" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

மடியில் கிடக்கும்போது கை அமைதியாக இருக்கிறது, வேலை செய்யப் போனால்தான் நடுங்குகிறது. மற்ற சோதனைகளையும் பார்த்தால் இது பார்க்கின்சன் அல்ல என்றார். அவர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்துப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: நாம் கையை அசைக்கும்போது சிறுமூளையும், நடுவில் தலாமஸ் என்ற சந்திப்பும், அசைவுக்கு ஆணையிடும் மேல்மூளைப் பகுதியும் ஓயாமல் சேதி மாற்றிக்கொள்கின்றன. அந்தச் சுற்றுப்பாதையில் வேண்டாத தாளம் ஒன்று தொற்றிக்கொண்டால் கையும் அதற்கு ஆடுகிறது. மாத்திரை கேட்காவிட்டால் தலாமஸில் மெல்லிய கம்பி வைத்து, மின்துடிப்பால் அந்தத் தாளத்தைக் கலைக்கும் சிகிச்சையும் உண்டு என்றார் மருத்துவர்.

"தலைக்குள்ள கரண்டுங்களா? எங்கூர்ல ஊட்டுக்கே ஒழுங்கா வர்றதில்லீங்களே!"

வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை இவளுக்கு இருக்கும் ஆஸ்துமா இழுப்புக்கு ஆகாது. வேறொன்றைச் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டச் சொன்னார். கல்யாணத்துக்குள் அது முழு அளவை எட்டவில்லை. நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. தூக்கம்தான் நிறைய வந்தது.

எங்கள் மலையின் ஆலத்தூர் நாட்டுப் பகுதியில், என் மனைவி வீட்டாரின் குலதெய்வக் கோயிலில் கல்யாணம். தம்பி முதல் முடிச்சைப் போட்டு நகர்ந்தான். இவள் குனிந்து கயிற்றின் இரு நுனிகளையும் எடுத்தாள். கூட்டம் முழுக்க இவள் விரல்களையே பார்த்தது. பலர் பார்த்தால் இந்த நடுக்கம் கூடும். முழங்கை வரை ஆடியது. திருவிழாக்களில் வாசித்துப் பழகிய மேளக்காரர் அதைப் பார்த்ததும் இவளுக்குச் சாமி வந்துவிட்டதென்று நினைத்து, கெட்டிமேளத்தை விட்டுவிட்டு அருளாட்ட அடிக்கு மாறிவிட்டார். இவளுடைய பெரியம்மா சூடத் தட்டோடு ஓடிவந்தார்.

"ஆரு சாமி வந்திருக்கறது? சொல்லு சாமி!"

"ஆரும் வரலீங்க பெரியம்மா. மூளையில கோளாறு. மொதல்ல அந்த மேளத்த நிறுத்தச் சொல்லுங்க!"

"கோவமா வந்திருக்குது! தேங்கா ஒடைங்கடா!"

மேளம் வேகமெடுத்தது, கையும் வேகமெடுத்தது. சித்தப்பா மகள் முன்னால் வந்து நின்றாள். இவள் கயிற்றை விடவில்லை, என்னைப் பார்த்தாள். நான் போய் மேளக்காரரின் குச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும், தலைகுனிந்திருந்த மணப்பெண் மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, கைய எந்தோள் மேல ஊனிக்கங்க. நல்லா பாரம் போடுங்க, ஒண்ணும் ஆகாது."

பெண் பார்க்கப் போன அன்று இவள் மேசையில் முழங்கையை ஊன்றி டீ குடித்ததை அந்தப் பெண் கவனித்திருக்கிறாள். இவள் இரண்டு மணிக்கட்டுகளையும் அந்தத் தோள்களில் அழுத்தினாள். நடுக்கம் போய்விடவில்லை, விரல்நுனிக்கு ஒதுங்கியது. ஒரு முடிச்சு விழுந்தது. அடுத்தது விழ நேரமானது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா இது, சிக்கு விழுந்த நூலாட்டம்? இத ஆராலயும் அவுக்க முடியாது."

"அவுக்கறதுக்காடா போட்டேன்?" என்றாள் என் மனைவி.