அக்குள் டாக்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் ஓர் உருளைக்கிழங்கைத் துருவி, மெல்லிய துணியில் பிழிந்து, சாற்றில் பஞ்சை நனைத்துக்கொண்டு அம்மாவின் அக்குளில் தடவ நின்றாள். அம்மா அலமாரிக் கதவைப் பிடித்தபடி இடது கையைத் தூக்கினாள். தோள் இறுகிப்போய் நாலு மாதம் ஆகியிருந்தது. கை காதளவுக்குக்கூட எழும்பாது. அதனால்தான் மகளின் உதவி. இல்லையென்றால் கிட்டவே அண்ட விட்டிருக்க மாட்டாள். மூன்று வாரமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"சுவத்துக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி அடிக்காதடி. ஒத்தி எடு."

"ஒத்தித்தான் எடுக்கறேன். எதுக்குன்னுதான் தெரியல. இது தடவினா போற கறுப்பு இல்ல. நாளைக்கு லீவு போடறேன், வா, டெஸ்டுக்கு ரத்தம் குடுத்துட்டு வந்துடலாம்."

"ரத்தமா? முப்பது வருஷமா நீ உறிஞ்சினது போக என்னடி மிச்சம் இருக்கு?"

மகள் பஞ்சைக் கழுவுதொட்டியில் வீசிவிட்டுப் போனாள். கால் மணி நேரம் காயவிட்டுக் கழுவ வேண்டும். அம்மா கூப்பிடவில்லை, மகளும் திரும்பிப் பார்க்கவில்லை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் ஒன்பது மணிக்கு அம்மா தன் கடையில், துணி வெட்டும் மேசைமேல் சாய்ந்தபடி இறந்துபோயிருந்தாள். மாரடைப்பு. வயது ஐம்பத்தாறு.

அம்மா தையல்காரி. புருஷன் வேறு குடும்பம் தேடிப் போன வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். சட்டைக்குக் கை வைக்கும் வரிசை. நாளொன்றுக்கு இருநூறு கை, பதினோரு வருஷம். மேற்பார்வையாளன் ஒருநாள் அவள் தைத்த சட்டையை அவள் முகத்திலேயே வீசினான். அவள் அதை ஒழுங்காக மடித்து வைத்தாள். பிறகு ஊசிப் பெட்டியை அவன் தலையில் கவிழ்த்தாள். வேலை போயிற்று. பத்துக்கு எட்டடியில் ஒரு கடை வந்தது. ஒரு இயந்திரம், ஒரு திரை, ஒரு கண்ணாடி.

அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் வருகிற பெண்களில் பாதிப் பேர் தயங்குவார்கள். அம்மாவுக்கு இரக்கம் வராது, கோபம்தான் வரும்.

"உள்ள புதையலா வெச்சிருக்க? தூக்கு."

தூக்குவார்கள். அம்மா பார்ப்பாள்.

"யாருடி பிரஷ் வெச்சுத் தேய்க்கச் சொன்னது? தோலா அது, அடிப்பிடிச்ச சட்டியா? நீ தேய்க்கத் தேய்க்க அது தடிச்சுக்கிட்டே போகும்."

தண்ணீர் படாமல் சவரம் செய்யாதே. வேர்வையை ஊறவிடாதே. கை இறுக்கமான சட்டையைத் தூக்கிப் போடு. ஓட்ஸைப் பொடித்துத் தயிரில் குழைத்து வாரம் இரண்டு தடவை பூசு. காய்ந்து வெடிக்கும் முன்னால் கழுவு. படுக்கும்போது கற்றாழைச் சோறு. எதையும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார், எரிந்தால் விட்டுவிடு. இதெல்லாம் வசவோடு வசவாக இலவசமாய்க் கிடைக்கும். ஒரு பெண் பத்து நாளில் திரும்பி வந்து, "இன்னும் போகலையேக்கா" என்றாள்.

"வருஷக்கணக்கா கறுத்தது பத்து நாள்ல வெளுக்க அது என்ன துணியா? மூணு மாசம் ஆகும். அப்பவும் பாலா மாறாது. உன் சொந்த நிறத்துக்குத் திரும்பும். அதைக் கட்டிக்கிட்டு வாழு."

கடைத்தெருவில் அவளுக்கு 'அக்குள் டாக்டர்' என்று பெயர். காதுக்கு எட்டியதும், அந்தப் பெயரை வைத்த பழக்கடைக்காரிக்கு ஒரு வருஷம் அம்மா பொத்தான்கூடத் தைத்துக் கொடுக்கவில்லை.

மகள் சோப்புத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறாள். அமிலம், காரம் அளப்பதுதான் அன்றாடப் பாடு. அம்மா ஒருகாலத்தில் எலுமிச்சைச் சாற்றையும் சிபாரிசு செய்துவந்தாள். மகள் சோதனைக் காகிதத்தைச் சாற்றில் தோய்த்து, சிவந்ததைக் காட்டினாள்.

"இதைத் தோல்ல தேய்ச்சுட்டு வெயில்ல போனா வெந்துடும்மா."

"உன் காகிதம் சிவந்தா எனக்கென்னடி?"

அடுத்த மாதம் ஒருத்திக்கு நிஜமாகவே வெந்தது. அம்மா எலுமிச்சையை நிறுத்தினாள். காரணம் கேட்டதற்கு, "இப்ப வர்ற பழத்துல சாறே இல்ல" என்றாள். தோற்றேன் என்று சொல்லும் வாய் இல்லை அவளுக்கு. மகளுக்கும் அந்த வாய் இல்லை.

போன வருஷம் அம்மாவின் அக்குள்களே கறுத்தன. வெல்வெட் துணி மாதிரித் தடித்த கறுப்பு. அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. கை வைத்துப் பழகியவள் அல்லவா? துணி உரசுகிறது என்றாள். தன் சட்டைகளில் தோளும் கையும் சேரும் இடத்தைப் பிரித்து அரை அங்குலம் விட்டாள். கறுப்பு போகவில்லை, இன்னும் அரை அங்குலம் விட்டாள். மகளும் யோசிக்கவில்லை. வேர்வைக்குப் பூசும் வாசனைத் திரவம்தான் காரணம் என்று அடித்துச் சொன்னாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வாசனை இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒருத்திக்குத் தையல் தெரியும், இன்னொருத்திக்கு ரசாயனம் தெரியும். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் ஒரு வருஷம் போய்விட்டது.

சீருடை தைக்க வந்த நர்ஸ்தான் கண்டுபிடித்தாள். அம்மா நூல்கண்டை எடுக்க வலது கையை மேலே நீட்டினாள். அகலமாய் வெட்டிய சட்டைக் கை, உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்தது.

"அக்கா, கழுத்துலயும் இப்படி இருக்கா? தாகம் எடுக்குதா? சர்க்கரை பாத்துடுங்க. இந்த மாதிரிக் கறுப்பு உள்ளேயிருந்து வர்றது."

"அளவு குடுக்க வந்த. குடுத்துட்டு நடையைக் கட்டு."

அன்று மாலை அதை ஒரு அவமானமாகத்தான் வீட்டில் சொன்னாள். மகள் எழுந்து, அம்மாவின் பின்கழுத்து முடியை விலக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே வெல்வெட். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் பார்க்காததை, முன்பின் தெரியாத ஒருத்தி பார்த்திருக்கிறாள். வெட்கம் கத்தலாக வெளியே வந்தது.

"ஊர்ல இருக்கறவ அக்குளையெல்லாம் பாக்கத் தெரியுது, உன்னுதைப் பாக்கத் தெரியாதா?"

"நீ பாத்தியே படிச்சவ! டப்பா டப்பாவாக் கொண்டுவந்து அப்பினியே!"

மூன்று வார மௌனம் அங்கே தொடங்கியது.

அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் அம்மாவின் செல்பேசி அடித்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஒரு பெண்.

"அம்மா, திங்கக்கிழமை ஒன்பதரைக்கு வர்றேன்னீங்க, வரலையே. வேற நாள் போடவா?"

"யார் சொன்னது வர்றேன்னு?"

"நல்லா இருக்கே! சனிக்கிழமை நீங்கதானேம்மா போன் பண்ணீங்க? 'என் பொண்ணுகிட்ட மூச்சு விட்டுடாதே, ஜெயிச்சுட்டேன்னு தலைகால் தெரியாம ஆடுவா'ன்னு சொன்னீங்களே. வெறும் வயித்துல வரணும்னு நான் ரெண்டு தடவை சொன்னேன்."

மகள் போனை வைத்தாள். அழுகை வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. சனிக்கிழமையே முடிவெடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேச்சுப் பேசியிருக்கிறாள்.

அம்மா இறந்த அந்தத் திங்கட்கிழமை காலை மகள் ரொட்டியும் முட்டையும் கொண்டுவந்து வைத்திருந்தாள். அம்மா தட்டைத் தள்ளினாள்.

"யார் மேல இருக்கற கோவத்தைத் தட்டு மேல காட்டற?"

"உன் மேலதான்."

மகள் முட்டையைக் குப்பைத்தொட்டியில் கொட்டினாள், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தினாள்.

அம்மா தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எட்டரைக்குக் கடையைத் திறந்திருக்கிறாள். அங்கிருந்து பரிசோதனைக் கூடம் இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக்கடையின் மாடியில். ஒன்பதரைக்குப் படியேறி, சட்டைக் கையைச் சுருட்டி, ஊசிக்கு நீட்ட வேண்டியதுதான் பாக்கி. அம்மா போய்ச் சேரவில்லை.