மதனகுமாருக்குப் போட்ட மாலை

பாட்டுக்காரன் மதனகுமார் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு வயது இருபத்துநாலு. பாட வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊரையெல்லாம் பைத்தியமாக்கிவிட்டுப் போய்விட்டான். சேரப்பணஞ்சேரியில் அவனுக்காக மொட்டை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அங்கே மாவு மில் ஓட்டிக்கொண்டிருந்த பலராமனுக்கு, பாழாய்ப்போன தொண்டை, அச்சு அசல் அவன் தொண்டை! ஆடித் திருவிழாவுக்கு மேடை போட்டால் இவனைத்தான் கூப்பிடுவார்கள். 'மதனகுமாரின் குரலில்' என்று மைக்கில் சொல்வார்கள். பாடுகிறவன் பெயரை ஒருவரும் சொன்னதில்லை.

செத்தவனுக்கு வயது ஏறுமா? இவனுக்கு ஏறியது. நாற்பதைத் தாண்டியும் மதனகுமார் மாதிரியே நெற்றியில் சுருட்டை முடி, கழுத்தில் கைக்குட்டை, தலைக்கு மை.

மதனகுமாரை அறவே பிடிக்காத ஒரே ஆள் பலராமனின் பெண்டாட்டி சுந்தராம்பாள்தான். "அந்தாளு பாட்டு எனக்கு இன்னாத்துக்கு? ஒம் பாட்டைப் பாடுய்யா" என்பாள். அவளை வீட்டுக்குள் மட்டும் அவன் கனகம் என்று கூப்பிடுவான். அந்தப் பெயரை வைத்தே ஒரு பாட்டும் கட்டினான். அவளுக்குப் பாடிக் காட்டுவதற்குள் பிரசவத்தில் தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டார்கள். அப்புறம் வீட்டில் பேச ஆளில்லை. ஊர் அந்தப் பாட்டை ஒரு தடவையாவது பலராமன் பாட்டாகக் கேட்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விடவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷத்து மதனகுமார் நினைவு நாள் வந்தது. பந்தல், பத்தி, சூடம் எல்லாம் தயார். ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி போடக் கொடுத்திருந்த படம் மட்டும் வந்து சேரவில்லை. ரசிகர் மன்றத் தலைவர் எல்லப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் பலராமனைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, அந்த நாற்காலில நீயே குந்திக்க. அவரைப் பார்த்தாப்லயே கீது."

உயிரோடு இருக்கிறவனுக்கு நினைவு நாள் மாலையா! பலராமன் கழுத்துக் கைக்குட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"சரி. ஆனா கடைசில என் சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுவேன்."

"தாராளமா பாடு. யார் வேணாம்னது?"

மாலை விழுந்தது. சூடம் காட்டினார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மாலையைக் கழற்றாமலே மைக்கைப் பிடித்து, "இது நானே கட்டின பாட்டு" என்று சொல்லிவிட்டுப் பலராமன் பாடினான். கனகம் என்ற இடம் வந்தபோது குரல் உடைந்து உடம்பே நடுங்கிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கும்பிட்டு அழுதது. அன்றைக்கு அவன் கால் தரையில் பாவவில்லை.

மறுவாரம் முனியம்மாள் மிளகாய் அரைக்க வந்தாள். கூடையை இறக்கும்போதே அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தாள். பலராமனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"யார் பாட்டுக்கா?"

"இன்னா இப்படிக் கேக்கறே? மதனகுமாரே ஒம் மேல வந்து பாடினாரே! நீ நடுங்கினதை நாந்தான் பார்த்தேனே. கனகம்னு ஒருத்திய வெச்சிருந்திருக்காரு, கட்டிக்காமலே பூட்டாரு பாவம். ஊரே அவளை நெனச்சு அழுவுது."

"கனகம் எம் பொண்டாட்டிக்கா."

முனியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒம் பொண்டாட்டி சுந்தராம்பா எனக்குத் தெரியாதவளா? அவரு கொரலை வாங்கிக்கினே, மாலையை வாங்கிக்கினே. அவரு ஜோடியையாவது வுட்டு வைய்யேன்பா!"

பலராமன் மிளகாயைக் கொட்டி மிஷினைப் போட்டான். மிளகாய் அரைக்கிறவன் கண்ணில் தண்ணீர் வந்தால் ஏன் என்று யார் கேட்கப்போகிறார்கள்?