காதுக்குக் கீழே ஓர் ஊசி எலும்பு

கரையான்சாவடி ஸ்கேன் சென்டரில் ஓ.பி.ஜி. எடுப்பது என் வேலை. இரண்டு தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்ரே அது. முருகனைக் கும்பிட்ட பிறகே மெஷினை ஆன் செய்வேன்.

ஒருநாள் செல்வி என்ற அம்மா வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. எட்டு மாதமாக, எச்சில் விழுங்கினாலும் தொண்டையில் குத்தல், காதுவரை வலி. மீன் முள் என்று நினைத்து வெறும் சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தாராம்.

"அண்ணே, புத்துநோயா கீதுன்னா மறைக்காத. ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க," என்றார்.

படத்தில் இரண்டு காதுக்கும் கீழே நீளமாக வெள்ளைக் கோடு. கம்மலோ ஹேர்பின்னோ இருந்தால் இப்படித்தான் நிழல் விழும். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாத்தையும் கழட்டச் சொன்னேனேம்மா?"

"இன்னா அண்ணே நீ! தாலியவே கயட்டிட்டு வெறும் மஞ்சக் கயிறோட உக்காந்துகீறேன். இன்னும் பல்லத்தான் கயட்டணும்!"

நான் நம்பவில்லை. கொண்டையை அவிழ்க்கச் சொல்லி மறுபடி எடுத்தேன். அதே இடத்தில் அதே கோடு. முருகா, அந்த அம்மா பயந்ததுதானா?

ரிப்போர்ட் எழுதும் டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"இது ஸ்டைலாய்டு, மண்டையோட்டுல எல்லாருக்கும் இருக்கிற சின்ன எலும்பு. இவங்களுக்கு நீளம். சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் நீளும், சிலருக்கு வளைஞ்சிருக்கும். பல பேருக்கு வலியே தெரியாது. முதல் படத்துலயே நல்லாத் தெரியுதே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?"

தேவையில்லாமல் ஒரு ரேடியேஷன் கொடுத்துவிட்டேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த அம்மாவின் வாய்க்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்து, ஸ்கேனும் எடுத்து, புற்றுநோய் இல்லை, அந்த எலும்புதான் குத்துகிறது என்று உறுதி செய்தார். ஆபரேஷனில் நீளத்தைக் குறைத்தார்கள்.

சில மாதம் கழித்து, பெரிய பெண்ணின் பல்லுக்குப் படம் எடுக்கச் செல்வியம்மா வந்தார். அன்று நம்பாததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"உடு அண்ணே. என் எலும்பு எனக்கே தெரியல, உனக்கு எப்டித் தெரியும்? இப்போ மீன் கொயம்பு ஊத்தி நல்லா துண்றேன்."

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஆண்டவன் எல்லா மண்டையோட்டையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. படத்தில் புதிதாக ஏதாவது தெரிந்தால் நோயாளியைத் திட்டாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டாவது படம் அதற்கு அப்புறம்தான்.